முன்நோக்கு சோனார் பாய்மரப் படகுக்கு எத்தனை விநாடி வாங்கித் தரும்?

பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகு, டிராஃப்ட் (நீருக்குள் இறங்கியிருக்கும் ஆழம்) இரண்டு மீட்டர், பவளத் தீவுகள் பக்கம் நீண்ட பயணம். முன்நோக்கு சோனார், அதாவது படகுக்கு முன்னால் உள்ள நீரை ஒலியால் பார்க்கும் கருவி, பொருத்தினால் பாரில் (நீருக்கடியில் நிற்கும் பவளத்திட்டில்) மோதாமல் தப்பலாமா, நடுக்கடலில் மிதக்கும் கன்டெய்னரை அது காட்டுமா, சார்ட்டை (கடல் வரைபடத்தை) நம்ப முடியாத இடத்தில் அதை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே நுழையலாமா என்று மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். முதலாவதற்கு, மெதுவாகப் போகிறவரை ஆம். இரண்டாவதற்கு இல்லை. மூன்றாவதற்கு என் பதில் ‘அதை மட்டும் வைத்துக்கொண்டு வேண்டாம்’ என்பது. ஏன் என்பதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் கருவியில் ஏமாந்து போகிறவர்கள் பெரும்பாலும் அதன் கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கியவர்கள்தான்.

எல்லாப் படகிலும் இருக்கும் சாதாரண ஆழமானி நேர்கீழே ஒலியை அனுப்பி, தரையில் பட்டு வரும் எதிரொலிக்கு எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கிறது. கடல்நீரில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் ஓடும். அதனால் உங்களுக்குக் கிடைப்பது டிரான்ஸ்டியூசருக்கு (ஒலியை அனுப்பி எதிரொலியைப் பெறும் உறுப்புக்கு) கீழே இந்த நொடியில் இருக்கும் ஆழம். அதை நீர்மட்டத்திலிருந்து கணக்கிட்டால், அந்த எண் இரண்டைத் தொடும்போது கீல் (படகின் அடியில் நீண்டிருக்கும் பகுதி) ஏற்கனவே தரையில் இருக்கும். முன்நோக்கு சோனார் அதே வேலையை அணியத்துக்கு (படகின் முன்முனைக்கு) முன்னால் உள்ள நீரில் சாய்வாகச் செய்கிறது. யோசனை ஒன்றும் புதிதல்ல. டைட்டானிக் மூழ்கி இரண்டு வருடம் கழித்து, 1914 ஏப்ரலில், கண்டுபிடிப்பாளர் ரெஜினால்ட் ஃபெஸென்டன் தன் ஆஸிலேட்டரை (நீருக்குள் ஒலி எழுப்பும் கருவியை) ‘மயாமி’ என்ற அமெரிக்க ரோந்துக் கப்பலில் எடுத்துப்போய் ஏறத்தாழ இரண்டு மைல் தூரத்தில் இருந்த பனிப்பாறையின் எதிரொலியைப் பிடித்தார். கப்பலுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் எதிரொலியைக் கடலுக்கே கொண்டுவந்தார்கள்.

பனிப்பாறை தண்ணீருக்குள் சுவர்போல நிற்கும் பொருள், அவர்கள் இருந்ததும் ஆழ்கடல். நமக்கு வேண்டியதோ ஐந்து மீட்டர் ஆழத்தில் மெல்ல மேலே ஏறிவரும் தரை. இங்கேதான் இந்தக் கருவியின் முதல் பெரிய வரம்பு வருகிறது. விளம்பரத்தில் ‘90 மீட்டர்’, ‘200 மீட்டர்’ என்று போட்டிருப்பதைத் தள்ளிவையுங்கள். முன்நோக்கு சோனாரின் எட்டுதூரத்தைத் தண்ணீரின் ஆழத்தின் மடங்காகத்தான் நினைக்க வேண்டும். பாய்மரப் படகுகளில் பொருத்தும் கருவிகளில், நல்ல தரையும் அமைதியான நீரும் இருந்தால் ஆழத்தைப்போல எட்டு முதல் பத்து மடங்கு என்று கார்மின் நிறுவனம் தன் பானாப்டிக்ஸ் முன்நோக்கு டிரான்ஸ்டியூசருக்குச் சொல்கிறது. சிம்ராட், பி அண்ட் ஜி நிறுவனங்களின் திரைகளோடு வேலைசெய்யும் ஃபார்வர்ட்ஸ்கானுக்கு நான்கைந்து மடங்கு என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. இரண்டுக்குமே அது நல்ல நாளின் கணக்கு. சாதாரண நாளில் இன்னும் குறையும்.

காரணம் சாய்வுக் கோணம். பத்து மடங்கு தூரத்தில் உள்ள தரையை ஒலி தொடும்போது தரைக்கும் அதற்கும் உள்ள கோணம் ஆறு பாகைக்கும் குறைவு. ஐந்து மடங்கு தூரத்தில் பதினோரு பாகை. மழை நனைத்த தார்ச்சாலையில் இரவில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது தெரியும்: முகப்பு விளக்கின் வெளிச்சம் முன்னாலேயே வழுக்கிக்கொண்டு போய்விடும், சாலை கறுப்பாகவே இருக்கும். தட்டையான மணல்தரையில் ஒலியும் அப்படித்தான் வழுக்குகிறது. திரும்பி வருவது மிகச் சிறு பங்கு. தரை நம்மை நோக்கி எழும்பி நின்றால் மட்டும் நிலைமை மாறுகிறது. பவளத்தலை (தரையிலிருந்து எழும்பி நிற்கும் பவளக் குன்று), பாறை, துறைமுகச் சுவர் இவையெல்லாம் ஒலியை நேராகத் திருப்பியனுப்பும். அதனால் தட்டையான தரையே தெரியாத தூரத்தில்கூட, அதே தரையில் எழும்பி நிற்கும் பாறை தெரியக்கூடும். இந்த ஒரு விஷயம்தான் பவளக் கடலில் முன்நோக்கு சோனாரைப் பயனுள்ளதாக்குகிறது என்பேன்.

இப்போது தூரத்தை விநாடியாக மாற்றிப் பாருங்கள். ஒரு நாட் என்பது விநாடிக்கு அரை மீட்டருக்குச் சற்று மேல். ஐந்து மீட்டர் ஆழத்தில் எட்டு மடங்கு பார்க்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால் உங்களுக்கு முன்னால் 40 மீட்டர். ஐந்து நாட் வேகத்தில் அந்த 40 மீட்டரைக் கடக்க 15 விநாடி. நான்கு மடங்குதான் பார்க்கிறது என்றால் 20 மீட்டர், 8 விநாடிக்கும் குறைவு. அதுவே இரண்டு நாட் வேகமென்றால் 40 மீட்டருக்கு 39 விநாடி கிடைக்கும்.

அந்த விநாடிகளுக்குள் நடக்க வேண்டியவற்றை எண்ணுங்கள். திரையில் ஒரு புள்ளி வருகிறது. அது நிஜமா என்று நம்ப இன்னும் இரண்டு மூன்று எதிரொலி வேண்டும். பார்த்தவர் சொல்ல வேண்டும், சுக்கான் பிடித்திருப்பவர் காதில் விழ வேண்டும், எஞ்சினை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து ரிவர்ஸ் போட வேண்டும், புரொப்பெல்லர் தண்ணீரைப் பிடிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பத்து டன் எடை வேகம் தணியத் தொடங்கும். மடங்கும் புரொப்பெல்லர் உள்ள படகில் ரிவர்ஸ் இன்னும் சோம்பலாகவே பிடிக்கும். உங்கள் படகு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதை யாரிடமும் கேட்க வேண்டாம், நீங்களே அளக்கலாம். காற்றில்லாத ஒரு காலையில் அணியத்திலிருந்து ஒரு மிதவையைப் போடச் சொல்லுங்கள், அதே கணம் முழு ரிவர்ஸ் போடுங்கள், படகு நின்றதும் மிதவை எவ்வளவு பின்னால் இருக்கிறது என்று படகு நீளத்தில் கணக்கிடுங்கள். ஐந்து நாட்டில் ஒரு முறை, மூன்றில் ஒரு முறை, இரண்டில் ஒரு முறை. கிடைக்கும் மூன்று எண்களையும் சுக்கானுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். சோனார் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அந்தக் காகிதம் உதவும். வாங்கினால், எந்த ஆழத்தில் எந்த வேகத்துக்கு மேல் போனால் கருவி அர்த்தமில்லாமல் போகிறது என்பதை அதுவே சொல்லிவிடும். பெரும்பாலான படகுகளுக்கு அந்த எல்லை மூன்று நாட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

கன்டெய்னர் கேள்விக்கான பதிலும் இதிலேயே இருக்கிறது. நடுக்கடலில் ஆறு ஏழு நாட்டில் பாய் விரித்து ஓடுகிறீர்கள். கருவி 90 மீட்டர் பார்த்தாலும் கிடைப்பது அரை நிமிடத்துக்கும் குறைவு. அதுவும் திரையை இரவும் பகலும் யாராவது பார்த்துக்கொண்டே இருந்தால்தான். அதைவிடப் பெரிய தடை நீர்ப்பரப்பு. தண்ணீருக்கும் காற்றுக்கும் நடுவே உள்ள எல்லை ஒலிக்குக் கண்ணாடி மாதிரி, ஏறத்தாழ முழுவதையும் திருப்பியனுப்பும். அலை கிளம்பியதும் மேல்மட்டத்து ஒன்றிரண்டு மீட்டர் முழுக்கக் குழப்பமான எதிரொலியால் நிரம்பிவிடும். பாதி மூழ்கிய கன்டெய்னர் இருப்பதும் சரியாக அந்த இடத்தில்தான். மரக்கட்டையும் அப்படித்தான். தூங்கும் திமிங்கிலத்துக்கும் இதே கதி. ரோட் ஐலண்டைச் சேர்ந்த ஃபார்சவுண்டர் செய்யும் பெரிய முப்பரிமாணக் கருவிகள் நூற்றுக்கணக்கான மீட்டர் தூரம் பார்க்கும், திமிங்கிலத்தைக் கண்டுபிடிக்கும் வேலைக்கும் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அவை பெரிய சொகுசுக் கப்பல்களுக்கும் தொழில்முறைக் கப்பல்களுக்குமான சமாச்சாரம். நெடுந்தூரப் பந்தயப் படகுகள் மிதக்கும் பொருளைத் தேட நீருக்கு மேலே, பாய்மர உச்சியில் வைக்கும் வெப்பப்படக் கேமராக்களை நாடியிருக்கின்றன. உங்கள் கவலை கன்டெய்னர் என்றால் அந்தப் பணத்தை மோதலைத் தாங்கும் அணியத்திலும், நீர்புகாத தடுப்பறையிலும், நல்ல பம்பிலும் போடுங்கள்.

இனித் திரையைப் பற்றி. முன்நோக்கு சோனாரை முதன்முதலில் பார்க்கிறவர்கள் அதை வழக்கமான ஆழமானித் திரைபோலப் படித்துவிடுகிறார்கள். ஆழமானித் திரையில் இடமிருந்து வலம் ஓடுவது நேரம். அதாவது, கடந்துவந்த பாதையின் கதை. முன்நோக்கு சோனாரில் படுக்கைவாட்டில் இருப்பது தூரம். ஓரத்தில் படகு, அதற்கு முன்னால் இப்போதைய நீரின் வெட்டுத்தோற்றம். பழகக் கொஞ்ச நாளாகும். இருபரிமாணக் கருவியில் தெரிவது அந்த ஒரே ஒரு செங்குத்து வெட்டுதான் என்பதை மறக்கக் கூடாது. இடமும் வலமும் உள்ளது தனியாகத் தெரியாது.

பவளத்தலை ஒன்றை நெருங்கும்போது திரையில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். எட்டு மீட்டர் ஆழம், மணல்தரை, இரண்டு நாட் வேகம். படகுக்கு முன்னால் முதல் இருபது முப்பது மீட்டருக்குத் தரை கெட்டியான பட்டையாக இருக்கும். அதற்கப்பால் பட்டை திட்டுத்திட்டாக உடைந்து, பிறகு வெறும் தூசிபோலச் சிதறிப்போகும். அந்தத் தூசிக்குள், ஐம்பது மீட்டர் பக்கத்தில், ஒரு சிறு கட்டி தோன்றும். அடுத்த எதிரொலியில் காணாமல் போகும். திரும்ப வரும்போது அதே இடத்தில் இருக்காது, ஒன்றிரண்டு மீட்டர் நெருங்கியிருக்கும். இதுதான் கவனிக்க வேண்டிய அடையாளம்: நிஜமான பொருள் படகின் வேகத்திலேயே சீராக நெருங்கிவரும், பொய்யான எதிரொலி அங்குமிங்கும் குதிக்கும், அல்லது எவ்வளவு தூரம் போனாலும் ஒரே தூரத்தில் நின்றுகொண்டே இருக்கும். நாற்பது மீட்டரில் அந்தக் கட்டி தரையோடு ஒட்டி ஒரு முட்டாகும். முப்பதில் அதன் உச்சி எத்தனை மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று ஓரளவு நம்பிச் சொல்லலாம். அதற்கு முன்னால் திரை காட்டும் உச்சி ஆழத்தை நம்பி ‘மேலே போய்விடலாம்’ என்று முடிவெடுக்காதீர்கள். இருக்கிறது என்பதைக் கருவி முதலில் சொல்லும், எவ்வளவு ஆழத்தில் என்பதைப் பிறகுதான் சொல்லும். படகு அந்த முதல் தகவலுக்கே நின்றுவிட வேண்டும்.

அந்தக் கட்டி நேர் எதிரேதான் இருக்கிறதா என்பது அடுத்த சந்தேகம். ஒலிக்கற்றை 15 பாகை அகலமென்றால் 50 மீட்டர் தூரத்தில் அது 13 மீட்டர் அகலத்துக்கு விரிந்திருக்கும். உங்கள் பாதையிலிருந்து ஆறு மீட்டர் விலகி நிற்கும் பவளத்தலையும் நேர் எதிரே இருப்பதாகவே தெரியும். இந்தத் தவறு பாதுகாப்பான பக்கத்துத் தவறு, பரவாயில்லை. இதற்கு நேர்மாறான தவறுதான் ஆபத்து. சோனார் பார்ப்பது அணியம் நோக்கும் திசையை. படகு போவது எப்போதும் அந்தத் திசையில் அல்ல. பவளத்தீவின் வாய்க்குள் நுழையும்போது குறுக்கே நீரோட்டம் அடித்தால், நேர்க்கோட்டில் போக அணியத்தை 15 பாகை திருப்பி வைக்க வேண்டியிருக்கலாம். அப்போது 50 மீட்டர் தூரத்தில் சோனாரின் பார்வை உங்கள் உண்மையான பாதையிலிருந்து 13 மீட்டர் தள்ளி விழுகிறது. நீங்கள் போகவே போகாத இடத்தை அது கவனமாகப் படம்பிடித்துக்கொண்டிருக்கும். சார்ட் பிளாட்டரில் (சார்ட்டையும் படகின் இடத்தையும் காட்டும் திரையில்) அணியத் திசைக் கோட்டையும் பயணத் திசைக் கோட்டையும் இரண்டையும் போட்டு வையுங்கள். அவை பிரிந்து நிற்கும்வரை சோனாரின் ‘பாதை சுத்தம்’ என்ற பேச்சை எடுத்துக்கொள்ளாதீர்கள். கூர்மையாகத் திரும்பும்போதும் இதேதான். திருப்பத்தின் உட்பக்கம் என்ன இருக்கிறது என்பது அணியம் அங்கே வந்த பிறகுதான் தெரியும்.

தரையின் குணத்தைப் பற்றிச் சுருக்கமாக. பாறையும் பவளமும் நன்றாகத் தெரியும். சேறு ஒலியை விழுங்கிவிடும். சேற்றுத் திட்டு கீலைத் தொடும் வரைக்கும்கூடத் தெளிவாகத் தெரியாமல் போகலாம், நல்லவேளையாகச் சேறு மன்னிக்கும் தரை. கடற்புல் படுகை மங்கலான தரைபோலத் தெரியும். முத்துப் பண்ணைக் கயிறுகள் தெரியும் என்று எதிர்பார்க்கவே வேண்டாம். பிரெஞ்சு பாலினீசியாவின் துவாமோத்து தீவுகளின் சில காயல்களில் அவைதான் பவளத்தைவிடப் பெரிய தொல்லை.

குமிழிகள்தான் இந்தக் கருவியின் பரம எதிரி. காற்றுக்குமிழி நிறைந்த நீரில் ஒலி ஊடுருவாது. அலை உடையும் ஆற்றுமுகத்தில், பின்னால் வந்த வேகப்படகின் நுரையில், நீங்களே ரிவர்ஸ் போட்டபோது புரொப்பெல்லர் முன்னால் தள்ளும் கலங்கலில், திரை வெறுமையாகும் அல்லது சுவர்போல ஒரு பொய்யான தடை எழும்பும். ஆற்றுநீர் கடல்நீருக்கு மேலே படலமாக நிற்கும் இடங்களில் ஒலிக்கற்றை வளையவும் செய்யும். ஆகவே நுழைவாயிலின் மிகக் கடினமான ஐம்பது மீட்டரில் இது கைவிடக்கூடும் என்ற எண்ணத்தோடுதான் நுழைய வேண்டும்.

இவ்வளவு வரம்பையும் சொல்லிவிட்டு ஏன் உங்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறேன்? சார்ட்டின் நிலைமைதான் காரணம். மின்னணு சார்ட்டில் ஒவ்வொரு பகுதிக்கும் நம்பகத்தன்மைத் தரம் ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். ஏ1 என்றால் இடப்பிழை ஐந்து மீட்டருக்குள், முழுமையான அளவீடு. பி என்றால் 50 மீட்டர். சி என்றால் 500 மீட்டர் வரை இடம் மாறியிருக்கலாம், ஆழத்திலும் இரண்டு மீட்டரும் அதற்கு மேல் ஆழத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கும் பிழை இருக்கலாம். டி அதைவிட மோசம். பவளக் கடல்களில் நீங்கள் போக ஆசைப்படும் ஒதுக்குப்புறமான காயல்களில் பல சி, டி அல்லது மதிப்பிடப்படாதவை. அந்தக் காலத்தில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி அளந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு பவளத்தலை எழும்பி நின்றாலும் சார்ட்டில் அது வந்திருக்காது. 500 மீட்டர் பிழையுள்ள சார்ட்டில் உங்கள் ஜிபிஎஸ் மூன்று மீட்டர் துல்லியமாக இருந்து எந்தப் பயனும் இல்லை. அந்த இடத்தில், இந்த நிமிடத்தில், இந்தப் படகுக்கு முன்னால் உள்ள நீரை அளந்து சொல்லும் எதுவும் மதிப்புள்ளது.

ஆனால் சார்ட்டைச் சரியாகப் பார்ப்பது அதற்கு முந்தைய வேலை. 2014 நவம்பர் 29 அன்று வோல்வோ கடல் பந்தயத்தில் ஓடிய ‘டீம் வெஸ்டாஸ் விண்ட்’ படகு இந்தியப் பெருங்கடலில் கார்காடோஸ் கராஹோஸ் பாரில் இரவில் ஏறியது. வேகம் 19 நாட் அளவில். பார் சார்ட்டில் இருந்தது. போதுமான அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கப்படவில்லை என்று விசாரணையில் வெளிவந்தது. 19 நாட் என்றால் விநாடிக்குப் பத்து மீட்டர். எந்த முன்நோக்கு சோனாரும் அந்தப் படகை நிறுத்தியிருக்காது. பாதை போடும்போது அதன் முழு நீளத்தையும் மிகப் பெரிய அளவில் பெரிதாக்கி ஒருமுறை நகர்த்திப் பார்ப்பது எந்தச் செலவும் இல்லாதது, அதை முதலில் செய்யுங்கள்.

காயலுக்குள் நுழையும்போது வேலைகளை நான் பிரித்துக்கொள்வது இப்படி. காலை பத்துக்குப் பிறகு, மாலை மூன்றுக்கு முன்னால், சூரியன் உயரத்தில், முடிந்தால் முதுகுப் பக்கம். போலரைஸ்டு கண்ணாடி போட்ட ஒருவர் அணியத்தில் அல்லது பாய்மரத்தில் ஏறக்கூடிய உயரத்தில். கருநீலம் ஆழம், பச்சை ஆழம் குறைவு, பழுப்பு பவளம், வெளுத்த நிறம் மணல். இந்தக் கண் நூறு இருநூறு மீட்டர் முன்கூட்டியே பார்க்கும், எந்தக் கருவியும் அதற்கு ஈடில்லை. செயற்கைக்கோள் படத்தை ஓபன்சிபிஎன் போன்ற மென்பொருளில் ஏற்றிவைத்து அதன்மேல் பாதை போட்டிருப்பது இரண்டாவது கண். சோனார் மூன்றாவது. மேகம் சூரியனை மறைக்கும்போது, காற்று நீர்ப்பரப்பைச் சுருக்கம் போடும்போது, மேற்கே நோக்கி மாலையில் போயே ஆக வேண்டும் என்ற நிலை வரும்போது, கலங்கிய நீரில் கண்ணுக்கு எதுவும் தெரியாதபோது இந்த மூன்றாவது கண் முதலாவதாக ஆகிவிடுகிறது. உயர அட்சரேகைகளில், கிரீன்லாந்து, படகோனியா கால்வாய்கள் போன்ற இடங்களில், தண்ணீர் பால்போலக் கலங்கியிருக்கும்போது போகிறவர்கள் இதை விரும்பி வைத்திருப்பதும் இதனால்தான்.

சுக்கான் பிடிப்பவர் சோனார் திரையைப் பார்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. திரையை இன்னொருவர் படிக்கட்டும். இருவர் மட்டுமே உள்ள படகில் அணியத்தில் ஒருவர், சுக்கானில் ஒருவர் என்றுதான் நிற்க வேண்டியிருக்கும். அப்போது ஆழ எச்சரிக்கையை நான்கு மீட்டருக்கு வைத்து ஒலி எழுப்ப விடுங்கள். அது பொய்யாகவும் கத்தும், அலுத்துப்போய் அணைக்கத் தோன்றும். நுழைந்து முடியும்வரை அணைக்க வேண்டாம்.

நங்கூரம் போடும் இடம் தேடுவதில் இது தரும் பயனைப் பலர் முதலில் யோசிப்பதில்லை. என்னைக் கேட்டால் கருவியின் உழைப்பில் பாதிக்கு மேல் இதில்தான். ஒன்றரை நாட்டில் ஒரு வட்டம் சுற்றுங்கள். சங்கிலி நீளத்துக்குப் படகு சுழலும் வட்டம் எவ்வளவோ அவ்வளவு பெரியதாக. நடுவில் தெரியாமல் நிற்கும் ஒரு பவளத்தலை, இரவில் காற்று திரும்பும்போது சுக்கானை உடைக்கும் தூரத்தில் இருக்கிறதா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கரை எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதும் ஒரே பார்வையில் கிடைக்கும்.

பொருத்துவதில் மூன்று விஷயம் முடிவு செய்யும். இடம், நேர், சாய்வு. டிரான்ஸ்டியூசர் கீலுக்கு முன்னால் இருக்க வேண்டும், அதே சமயம் அலையில் அணியம் எழும்பும்போது நீரைவிட்டு வெளியே வராத, குமிழி ஓடாத இடமாக இருக்க வேண்டும். நீளவாட்டில் கீலுக்குச் சற்று முன்னால், நடுக்கோட்டை ஒட்டி என்பது பெரும்பாலான ஒற்றை உடல் படகுகளுக்குப் பொருந்தும். வேகமானி, ஆழமானி டிரான்ஸ்டியூசர்கள் அதற்கு நேர் முன்னால் இருந்தால் அவற்றின் கலங்கல் இதன்மேல் விழும். பழைய ஆழமானியும் பக்கத்து அதிர்வெண்ணில் ஓடினால் ஒன்றின் குரல் மற்றதில் கோடுகளாக விழும். ஒன்றை அணைத்துப் பாருங்கள், கோடு போனால் காரணம் அதுதான்.

அணியத்தின் மேல்கீழ் ஆட்டம் தரும் பிழை பெரியது. மூன்று பாகை எழும்பினாலே 100 மீட்டர் தூரத்தில் கற்றை ஐந்து மீட்டர் மேலே போய்விடும். பக்கச் சாய்விலும் அதே தொல்லை. பாய் விரித்து இருபது பாகை சாய்ந்து ஓடும்போது வெட்டுத்தோற்றமும் சாய்ந்துவிடுகிறது. புதிய கருவிகள் சிலவற்றில் டிரான்ஸ்டியூசருக்குள்ளேயே அசைவு உணரி இருக்கிறது, ஓரளவு ஈடுகட்டும். இருந்தாலும் பாயை இறக்கி எஞ்சினில், நிமிர்ந்த படகில் பயன்படுத்தும் கருவி இது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரட்டை உடல் கேட்டமரானில் இந்தச் சாய்வுத் தொல்லை குறைவு, ஆனால் ஒரு உடலில் உள்ள டிரான்ஸ்டியூசர் மற்ற உடலுக்கு முன்னால் இருப்பதைப் பார்க்காது. பொருத்தி முடித்ததும் டிரான்ஸ்டியூசர் நீர்மட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்பதைக் கருவியில் சரியாக ஏற்றுங்கள். திரையில் வரும் ஆழம் நீர்மட்டத்திலிருந்தா கீலிலிருந்தா என்பது படகில் எல்லோருக்கும் ஒரே பதிலாக இருக்க வேண்டும்.

எதை வாங்குவது என்பதில் என் வரிசை எளியது. ஏற்கனவே உங்களிடம் உள்ள சார்ட் பிளாட்டரோடு பேசும் இருபரிமாணக் கருவியையே எடுங்கள். கார்மின் திரை இருந்தால் பானாப்டிக்ஸ், சிம்ராட் அல்லது பி அண்ட் ஜி இருந்தால் ஃபார்வர்ட்ஸ்கான். எந்தத் திரையையும் சாராமல் வேண்டுமென்றால் இங்கிலாந்தின் எக்கோபைலட் இந்தத் துறையில் நெடுநாளாக இருக்கும் பெயர். படகின் அடியில் ஓட்டை போட மனமில்லாதவர்கள் சிலர், தூண்டில்காரர்களுக்காக 2018ல் வந்த கார்மின் லைவ்ஸ்கோப்பை ஒரு கழியில் கட்டி, அணியத்தில் இறக்கி, கையால் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். மெதுவாக நங்கூர இடம் தேட அது அருமை, நுழைவாயிலின் அலையில் கழி தாங்காது. டிங்கியில் (சிறு துணைப்படகில்) ஒரு சிறு ஆழமானியோடு முன்னால் ஒருவரை அனுப்புவது எல்லாவற்றையும்விட மலிவு, நேரமிருந்தால் எல்லாவற்றையும்விட நம்பகமும்கூட.

வாங்கியதும் பவளக் கடலுக்குப் போய்த்தான் முதலில் போட்டுப் பார்ப்பேன் என்று இருக்காதீர்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த துறைமுகத்தில், ஆழம் தெரிந்த சுவரை நோக்கி, சரிவு தெரிந்த கரையை நோக்கி, நங்கூரக் கட்டைகளை நோக்கி மெல்லப் போய்ப்போய்ப் பாருங்கள். கெயினை (எதிரொலியைப் பெருக்கும் அளவை) ஏற்றி இறக்கி, எந்த அளவில் பொய் எதிரொலி குறைந்து நிஜம் நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். எட்டுதூரத்தைத் தானியங்கியில் விடாமல் 50 மீட்டருக்குக் கையால் வைப்பது ஆழம் குறைந்த இடத்தில் நல்லது; கருவி கிடைக்காத தூரத்துக்கு எட்டிப் பார்க்க முயன்று கிட்டத்தில் உள்ளதைச் சிறிதாக்கிவிடாது.

பராமரிப்பில் ஒன்று. ஒரு மாதம் வெதுவெதுப்பான துறைமுகத்தில் கட்டிக் கிடந்தால் டிரான்ஸ்டியூசர் முகத்தில் கொட்டலசு ஒட்டிவிடும், எட்டுதூரம் பாதியாகும், கருவி கெட்டுவிட்டதோ என்று தோன்றும். உள்ளிருந்தே கழற்றி அடைப்பான் போட்டு மூடக்கூடிய வகை கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். நீண்ட நாள் நிற்கும்போது கழற்றி, துடைத்து, உள்ளேயே வையுங்கள். அப்படிக் கழற்ற முடியாதது என்றால் டிரான்ஸ்டியூசருக்கென்றே விற்கும் நீர் அடிப்படையிலான பெயிண்டை மெல்லிய ஒரே பூச்சாகப் பூசுங்கள். கடலுயிர் ஒட்டாமலிருக்கப் படகுக்கு அடிக்கும் சாதாரண ஆன்டிஃபவுலிங் பெயிண்டில் உள்ள கரைப்பான் பிளாஸ்டிக் முகத்தைத் தின்றுவிடும்.